தையலுக்குள் இரண்டு விரல்

கேம்பல் லேனில் என் படம்
ஆறடி உயரம்.
நிஜத்தில் நான் ஐந்தடி ஒன்று.
மாம்பழ மஞ்சள் பட்டு, கையில்லாத ரவிக்கை,
இடுப்பின் மூன்றாம் மடிப்புக்குக்கூட
தனியாக விளக்குப் போட்டு எடுத்தார்கள்.
கீழே ஒரு வரி: எல்லா அளவும் அழகே.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
பெரிய அளவுகளுக்குத் தையல்கூலி தனி.

படம் ஏறிய வாரமே
யீஷூன் பலதுறை மருந்தகத்தில்
பத்து மணிநேரப் பட்டினியோடு உட்கார்ந்திருந்தேன்.
ரத்தம் எடுக்க வந்த தாதி சுஹைலா
என்னைப் போலவே அகலம்.
தேக்காவில் பார்த்தேனே, நீங்கள்தானே அது என்று
மலாய் கலந்து கேட்டாள்.
ஆமாம் என்றேன். இருவரும் சிரித்ததில்
ஊசி இறங்கியது தெரியவில்லை.

அடுத்த செவ்வாய், திரையில்
ஏழு புள்ளி நான்கு.
டாக்டர் சின்னப் பையன்.
'எடை' என்ற சொல்லை
சுட்ட கிழங்குபோல வாய்க்குள் இங்குமங்கும் உருட்டினான்.
அவனும் அந்த வழியாகப் போயிருப்பான்.
"சொல்லுங்க, உடைஞ்சிட மாட்டேன்" என்றேன்.

கூச்சப்படாமல் சொன்னவர்களும் இருந்தார்கள்.
தொண்ணூற்று நான்கு, தொடக்கப்பள்ளி.
மற்றவர்கள் மீ கோரெங் தின்னும் இடைவேளையில்
எங்களை மட்டும் வெயிலில் நிறுத்தி
கயிறு தாண்டச் சொன்னார்கள்.
டாஃப் குழு.
ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் என்ன வருமென்று
மூன்றாம் வகுப்புப் பொடியனுக்கும் தெரியும்.
நான், ஹுவீ லிங், ரிஸால்.
நூறு எண்ணும்வரை பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்கும்.
அந்தக் கயிறு எனக்கு ஓடக் கற்றுத்தரவில்லை.
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு
சத்தமில்லாமல் கறிபஃப் தின்னக் கற்றுத்தந்தது.

ஆகவே, முப்பது வருஷம் கழித்து
ஒரு கேமராக்காரி
கையைத் தூக்குங்க அக்கா, மறைக்காதீங்க என்றபோது
அழுதுவிட்டேன்.
மை கரைந்து இருபது நிமிடம் வீண்.
அந்த அழுகை விளம்பரம் இல்லை.
படத்தில் சிரிப்பவளும் பொய் இல்லை.

ஆபீஸில் ஒருவர் சொன்னார்: நோய்க்கு விளம்பரமா?
இன்னொருத்தி: நீ ராணி, டாக்டர்களை நம்பாதே.
இரண்டு பேருமே
என் ரத்தத்தைப் பார்த்ததில்லை.
கணக்குப் பிரிவில் கோமதிநாயகம், மூங்கில் குச்சி,
அவருக்கு எட்டு புள்ளி ஒன்று.
அவரை யாரும்
எதற்கும் விளம்பரம் என்றதில்லை.

சர்க்கரைக்கு வெட்கமும் இல்லை பெருமையும் இல்லை.
என்னைத் திட்டாமல், புகழாமல்,
கால்விரல்களை நோக்கி
மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது.

நானும் நடக்கிறேன்.
ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்றி நான்கு சுற்று.
இது தண்டனை இல்லை என்று எழுத ஆசை.
சில நாள் தண்டனைதான்.
சில நாள் மழைமரத்தடியில்
ஈர மண் வாசம், யார் வீட்டிலோ சம்பால் வதங்கும் வாசம்,
மூச்சு வாங்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.
காப்பிக்கடையில் தே ஓ கோசோங் கேட்டால்
அங்கிள் புருவம் உயர்த்துகிறார்: டயட்டா?
டீ, என்கிறேன்.

நேற்று தேக்கா மாடியில்
புது ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன்.
மரியசெல்வி நாடாவை என்னைச் சுற்றி விட்டு,
பல்லிடுக்கில் குண்டூசியோடு கேட்டாள்:
"கூடியிருக்கீங்களா, குறைஞ்சிருக்கீங்களா?"
"தெரியலயே."
"அப்போ எந்த அளவுக்குத் தைக்க?"
"இன்னிக்கு இருக்கிற உடம்புக்கு."
சரி என்று சுண்ணாம்புக் கோடு போட்டாள்.
வெட்டும்போது பார்த்தேன்,
கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் துணி விட்டிருந்தாள்.
"உள்ளே கிடக்கட்டும்" என்றாள்,
"பிடிக்கவும் ஆகும்
பிரிக்கவும் ஆகும்."