கடைப்போலி

பர்கூர்க் குவாரியில்
கருங்கல்லைப் பிளக்குமுன் வரிசையாகத் துளையிடுவார்கள்.
பிளந்த பிறகு ஒவ்வொரு துளையிலும் பாதி
கல்லின் முகத்தில் நிற்கும்,
புல்லாங்குழலை நெடுக்கே கீறி வைத்ததுபோல்.
அதைத்தான் சேலைக் கரையாக வரைந்தேன்.
பதினோரு கோடு. ஏழாவது குட்டை.
அழகுக்காக இல்லை.
அன்றைக்கு விரல் மடங்கவில்லை, மவுஸ் நழுவிவிட்டது.
திருத்த வலுவில்லாமல் விட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள்
எதிர்வரிசைக் கடையில் தொங்கியது,
சூரத்திலிருந்து பேல் பேலாக இறங்கி.
என்னுடையது அறுநூற்று நாற்பது. அது முந்நூற்று எண்பது.
ஏழாவது கோடு குட்டை.
என் மூட்டுவலியையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள்.

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே
வக்கீல் கிரிஜாபாய் கேட்டார்:
"கடைக்கு வர்றதுக்கு முந்தியே பதிஞ்சீங்களா?"
இல்லை.
"வித்துட்டா அப்புறம் அது புதுசு கிடையாதும்மா."
போலி, போலி என்று
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாய்க்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

மாதம் இரண்டு ஊசி எனக்கு.
ஓசூரில் வாங்கி, ஐஸ் பையோடு மடியில் வைத்து,
சூளகிரி மேட்டில் பஸ் திணறும்போதெல்லாம்
குளிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவேன்.
முதல் கம்பெனி மருந்தென்றால்
வீட்டை விற்று ஒன்றரை வருஷம் போடலாம்.
அவர்கள் காப்புரிமை முடிந்தது. இது வேறு கம்பெனி.
"அதேதானா, டாக்டர்?"
"அதே இல்லை. உயிருள்ள செல்லில் விளையறது,
அச்சு அசலா வராது. அதைப் போல."

போல.
பத்தாம் வகுப்பு இரண்டு மார்க் கேள்வி
அந்த நாற்காலியில் வைத்துத்தான் ஞாபகம் வந்தது:
பந்தல், பந்தர்.
கடைசி எழுத்து மாறும், பொருள் மாறாது.
அதற்கும் பெயர் போலிதான்.

போன செவ்வாய், அதே வராந்தாவில்
வேப்பனஹள்ளியிலிருந்து ஒரு அம்மாள்.
வீங்கிய மணிக்கட்டு. மடியில் என்னுடையதைப் போலவே ஐஸ் பை.
உடம்பில் என் கரை.
"முந்நூத்தி எண்பதுதாங்க. அதுக்கு மேலன்னா
நாம எங்க கட்றது?"
ஏழாவது கோட்டைத் தொட்டு
இங்கே கொஞ்சம் தப்பியிருக்கு பாருங்க என்றேன்.
வெடுக்கென்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.
"தப்பில்லீங்க. அது டிசைனு."

அடுத்த கரையை
விற்பதற்கு முன்பே பதிந்துவிடப் போகிறேன்.
விண்ணப்பத்தில் ஆறு இடத்தில் கையெழுத்தாம்.
போடுகிற அளவுக்கு
விரல் இப்போது மடங்குகிறது.