ஐந்து சப்பாத்து அகலம்

ப்ரெஸ்டன் டிப்போ. காலை நாலு பதினெட்டு.
என் எண்பத்தாறு இன்னும் விளக்கேற்றாமல் நிற்கிறது.
ஸ்டாவ்ரூலா தேநீர்ப் பையைப் பிழிந்தபடி கேட்கிறாள்:
வியன்னாவில் ஓபரா பார்த்தாயா?

பார்த்தேன், வெளியே நின்று.
அதன் வாசலருகில்தான்
பாடன் ஊருக்கு ட்ராம் புறப்படுகிறது.

சிரிக்காதே.
பதினோரு வருஷம் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டியவன்
ஜன்னலோரம் உட்கார்ந்ததேயில்லை.
நகரம் என்றால் எனக்கு
எதிரே வந்து
இரண்டாய்ப் பிளந்து
பின்னால் போவது.
அங்கேதான் முதல்முறையாக
அது பக்கவாட்டில் நகர்ந்தது.
ஒரு கிழவர் பால்கனியில் கம்பளம் தட்டினார்,
துருக்கிக் கடையில் மாதுளை அடுக்கினார்கள்,
பள்ளிச் சிறுமி ஒருத்தி
கொட்டாவியை நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
முன்னால் யார் ஓடிவந்து விழப்போகிறார்கள் என்ற பயம்
அன்று வேறொருவனுடையது.

சுகிர்தாவிடம் ஒரு பட்டியல் இருந்தது.
அரண்மனை. வெள்ளைக் குதிரைகள்.
பெட்டியில் விற்கிற சாக்லெட் கேக்.
என்னிடம் இருந்தது ட்ராம் வரைபடம்.
அரண்மனைக்குப் போனோம், இல்லையென்று சொல்லவில்லை.
ஆயிரத்துச் சொச்சம் அறையாம்,
நாற்பதாவதில் எனக்குக் கால் கடுத்தது.

பிறகு எழுபத்தொன்று.
பெரிய மயானத்தைத் தாண்டிப் போகிற வண்டி.
செத்தவரைப் பற்றி அந்த ஊரில்
'எழுபத்தொன்றில் ஏறிவிட்டார்' என்பார்களாம்.
நாங்கள் ஏறி,
கடைசி நிறுத்தம்வரை போய்
உயிரோடு திரும்பினோம்.
அன்று மாலை முழுக்க அவள் பேசவில்லை.

இரவு பதினொன்றரை, வளையச் சாலை.
மழை விட்டிருந்தது. வண்டி ஏதும் வரவில்லை.
நான் தண்டவாளத்துக்குள் இறங்கினேன்.
குதியும் விரலும் ஒட்டி
ஒரு சப்பாத்து, இரண்டு, மூன்று, நாலு,
ஐந்து.
"உங்களுக்கென்ன விசரே?"
ஐந்து, சுகிர்தா!
ஹை தெருவிலும் இதே ஐந்து.
இருபத்திரண்டு மணிநேரம் பறந்து வந்திருக்கிறோம்,
இரண்டு இரும்புக்கும் நடுவில்
ஒரு விரற்கடை கூடவில்லை.
அவள் குடையை மடக்கினாள்.
படம் எடுத்தாள், என் கால்களை மட்டும்.

பாடன் வண்டியை உனக்கு எப்படிச் சொல்வேன்?
ஊருக்குள் நம்மைப்போலத்தான்,
சிவப்பு விளக்குக்கு நிற்கிறது,
சைக்கிள்காரனிடம் மணியடித்துக் கெஞ்சுகிறது.
ஊர் முடிந்ததும்
யாரும் பார்க்காதபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிறவள்போல்
ரயிலாகிவிடுகிறது.
இருபுறமும் கிடங்குகள், பிறகு வயல்,
தொலைவில் திராட்சைச் சரிவு.
எதிர்வண்டிக்காரன் கையைத் தூக்கினான், ஓட்டுநருக்கு.
பயணி இருக்கையிலிருந்து நானும் தூக்கிவிட்டேன்.
அவன் பதிலுக்குத் தூக்கவில்லை. எப்படித் தெரியும் அவனுக்கு?

கொண்டுவந்தது ஒரு ஆப்ரிகாட் ஜாம் போத்தல்.
துல்லமரீன் விமான நிலையத்தில் அதிகாரி
அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
வீட்டில் செய்ததா என்றார்.
கடையில் வாங்கியது என்று ரசீது காட்டினாள் சுகிர்தா,
ரசீதுகளை எறியாத குலம்.
இந்தா, ரொட்டியில் பூசு.

வியன்னா நகர வண்டிகளுக்கு
ஒரு பக்கம்தான் முகம்.
எல்லையில் வட்டமடித்துத் திரும்புகின்றன.
நமக்கு அந்த வசதி இல்லை.
பன்டூராவில் தண்டவாளம் முடிகிற இடத்தில்
சாவியைக் கழற்றி, பையைத் தூக்கி,
வண்டி நெடுக நடந்து
மறுமுனையில் உட்கார வேண்டும்.
அப்போது வாலே தலை.

போன ஞாயிறு அப்படி நடந்து வந்தபோது
எல்லோரும் இறங்கிய வண்டியில்
ஜன்னலோரம் ஒருத்தி.
மடியில் அதே குடை.
எங்கே ஏறினாள் என்று தெரியவில்லை,
நான் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மைக்கி தட்டினீரா?" என்றேன்.
"தட்டினேன்" என்றாள்,
வெளியே புல்லைப் பார்த்தபடி.
"எடுங்கோ வண்டியை."