பத்துக் கிலோ பொன்னி

கீழேயுள்ள ஊரிலிருந்து கெர்கெட்டி தேவாலயம் வரை
ஏறத்தாழ நானூற்று முப்பது மீட்டர் ஏற்றம்
என்றது பயணத் தாள்.
எங்கள் புளோக் இருபத்தைந்து மாடி,
மாடிக்குப் பதினாறு படி.
ஆறரை முறை ஏறி இறங்கினால் ஜார்ஜியா.
கணக்குப் போட்டுச் சொன்னது அறவாழிதான்.
தான் வரப்போவதில்லை என்பதையும்
அதே மூச்சில் சொல்லிவிட்டார்.
முழங்கால்.

முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ பொன்னி அரிசி.
தேக்காவில் வாங்கிய சாக்கு,
மலையில் தூக்கவேண்டிய சுமைக்குச் சரியான எடை.
பாலிகிளினிக்கில் நாள் முழுக்க
மாத்திரை எண்ணி நின்ற கால்களை
இரவு எட்டு மணிக்குப் படிக்கட்டில் வைப்பேன்.

நாலாவது மாடியில் யாரோ சம்பால் வதக்குவார்கள்.
நெடி கண்ணைக் கரிக்கும்.
அதைத் திபிலீசி என்று வைத்துக்கொண்டேன்:
கந்தகக் குளியல் வீடுகள், மரப் பால்கனிகள்,
கோட்டைக்குப் போகும் கேபிள் கார்.
ஒன்பதாவதில் திருவாளர் கோ
தீயணைப்புக்காரர்கள் திட்டத் திட்ட
வரிசையாக அடுக்கிய பூந்தொட்டிகள்.
அது புல்வெளி. ஆடுகளை நானே மேயவிட்டேன்.
பதினான்காவதில் ஒரு பையன்
பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருப்பான்.
பள்ளத்தாக்கு என்றால் எதிரொலி வேண்டாமா?

பதினேழில் மாக்சிக் ரொஹானா கதவைத் திறந்து,
"லிஃப்ட் ரோசாக்கா?" என்பார்.
இல்லை, மலைக்குப் போகப் பழகுகிறேன்.
"இங்கே ஏது மலை?"

உண்மைதான்.
ஊர்ப் பெயரெல்லாம் புக்கிட்.
புக்கிட் மேரா, புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங்.
பேருந்தில் போனால் குன்றுக்குக் குன்று இறங்கலாம்,
ஒரு தடவைகூட மூச்சு வாங்காமல்.
ஆகப் பெரியது புக்கிட் தீமா,
நூற்று அறுபத்து மூன்று மீட்டர் சொச்சம்.
உச்சியில் ஒரு கல்,
கல்லோடு படம் எடுக்க ஒரு வரிசை,
வரிசையில் நிற்பவர் பையைத் திறக்க ஒரு குரங்கு.

நான் இருக்கும் பிடோக்கிலும் குன்றுகள் இருந்தனவாம்.
வெட்டி, கரையோரம் கொண்டுபோய்க்
கடலில் கொட்டி நிலமாக்கினார்களாம்.
அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில்
ஈஸ்ட் கோஸ்ட்டில் நான் சைக்கிள் விடுவது
படுத்துக் கிடக்கும் ஒரு மலையின் மேல்.
மலையேற்றம் எனக்குப் புதிதில்லை.
ஏற்றம்தான் புதிது.

முதல் வாரம் பன்னிரண்டாவது மாடியிலேயே
கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
இரண்டாம் வாரம் இருபது.
மூன்றாம் வாரம் உச்சி தொட்டு,
திரும்பவும் ஏறி,
ஜொகூர்ப் பக்கம் மின்னல் வெட்டியபோது
மேகத்துக்குள் தெரிந்த வெள்ளை முகட்டைப் பார்த்து
"கஸ்பெக்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்
உள்ளே போய்விட்டார்.
நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் புதிதாகத் தொடைகள் முளைத்திருந்தன.
மருந்து முகப்பில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன்.

நாலாம் வாரம், செவ்வாய் இரவு.
சமையலறையில் அறவாழி
என் முதுகுப்பையின் ஜிப்பைத் திறந்து
ஒன்றரைக் குவளை அரிசி அளந்துகொண்டிருந்தார்.
"டின்னில் தீர்ந்து ரொம்ப நாளாச்சு."
எத்தனை நாள்?
"நீ ஏற ஆரம்பிச்சதிலிருந்து."

தராசில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று கிலோ நூறு கிராம்.
ஜார்ஜியாவில் பாதியை
ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம்.

நான் கத்தவில்லை. கொஞ்சம் கத்தினேன்.
மறுநாள் புதுச் சாக்கு வந்தது, இதுவும் பத்துக் கிலோ,
வாயை அவரே சணல் கயிற்றால் கட்டி
மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்.
கூடவே, நான் செருப்பு மாட்டும்போது,
அவரும் மாட்டினார்.

ஒரு படிக்கு ஒரு கால், பிறகு மறு கால்,
கல்யாண வீட்டில் தாம்பாளம் ஏந்தியவர் மாதிரி.
சம்பால் வாசனையில் இருமினார்.
ஆறாவது மாடி வளைவில்
தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்துவிட்டார்.
எதிர் புளோக்கில்
எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது.

"இது எந்த ஊர்?" என்றார்.
பயணத் தாளில் இல்லாத ஊர்.
"பஸ் இங்கே பத்து நிமிஷம் நிற்கும்" என்றேன்.