ஒட்டு

இங்கே உயிரின் நிறம் ஊதா.
மஞ்சள் சாயத்தைச் சொட்டிவிட்டு
நான்கு மணி நேரம் காத்திருந்தால்
மூச்சிருக்கும் குழியெல்லாம் ஊதாவாகும்.
மற்றவை
ஊற்றிய மஞ்சளாகவே கிடக்கும்.

தொண்ணூற்றாறு குழித் தட்டை
விளக்குக்கு நேரே பிடிக்கிறாள் ரதோஸ்லாவா.
ப்ர்னோ நகரில் பிப்ரவரி.
வெளியே ஒரு டிராம்
பனியை அரைத்துக்கொண்டு போகிறது.
இடமிருந்து ஆறு வரிசை ஊதா.
ஏழாவது வெளிறுகிறது.
எட்டிலிருந்து
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.
பக்கத்துத் தட்டில் நோயில்லாத செல்கள்.
அதே மருந்து, அதே அளவு,
கடைசிவரை ஊதா.

அவள் கத்தவில்லை.
கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்,
முதலிலிருந்து எண்ணினாள்.

வைட்டமின் ஈ என்கிறோமே,
அதற்கு வேதியியலார் கிரேக்கத்தில் இட்ட பெயருக்கு
பிள்ளைப்பேற்றைச் சுமப்பது என்று பொருள்.
அது இல்லாத தீனி தின்ற எலிகளுக்குச்
சூல் தங்காததைக் கண்டு வைத்த பெயர்.
அதன் ஒரு முனையில்
நான்கே கரி அணுக்கள் கொண்ட
புளித்த சிறு ஒட்டு.
அவ்வளவுதான்.
கொள் என்பது கொல் ஆவதற்கு
நாக்கு எவ்வளவு தூரம் நகர வேண்டும்?

ஒட்டு வந்ததும் அது
செல்லுக்குள் எரியும் அடுப்புகளில் ஒன்றைத் தேடி
அதன் வாயிலேயே உட்கார்ந்துகொள்கிறது.
புகை மூண்டு
வீடு தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது.

அடித்தளத்து எலிகள் லுபோரின் பொறுப்பு.
ஊசியில் ஏற்றிய கூண்டுகளில்
கட்டி தயங்கியது.
தீனியில் கலந்து கொடுத்த கூண்டுகளில்
கட்டிக்கு ஒரு சேதியும் போகவில்லை.
குடலில் காத்திருந்த கத்தரி
ஒட்டை நறுக்கிவிட்டது.
உள்ளே போனது கொலையாளி,
இரத்தத்துக்கு வந்து சேர்ந்ததோ
பழைய சாதுவான பிள்ளைத்தாய்ச்சி.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இதற்கு வாய்தான் வினை.

இரவு எட்டரைக்குத் தரை துடைக்க வருவாள் த்ரஹோமீரா.
மார்பில் அறுவை முடிந்து இரண்டு வருடம்.
வாளியை இப்போதெல்லாம் வலக்கையில்தான் தூக்குகிறாள்.
இன்று மேலங்கிப் பையிலிருந்து
ஒரு சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
விலைச்சீட்டு இன்னும் உரியவில்லை,
நூற்று எண்பத்தொன்பது கொருனா.
உள்ளே தேன் நிறத்தில் முத்து முத்தாய்.
"நீங்கள் பலகையில் எழுதியிருக்கும் பெயர்
இதிலும் இருக்கிறது.
அதே ஈ தானே?"

ரதோஸ்லாவாவுக்கு நிறையத் தெரியும்.
இதில் ஒட்டு இல்லை என்று சொல்லலாம்.
இது காக்கும், ஆனால்
யாரை என்று கேட்டுக் காக்காது என்று சொல்லலாம்.
எலிக்கே இன்னும் வழி பிறக்கவில்லை,
மனிதர் வரிசை வெகு தூரம் என்று சொல்லலாம்.
சொன்னது இவ்வளவுதான்:
"அதே பெயர். வேறு ஆள்."

"என் தங்கைக்கும் எனக்கும்கூட ஒரே குடும்பப் பெயர்,"
என்றாள் த்ரஹோமீரா.
"பத்து கொருனா கடன் கேட்டால் தரமாட்டாள்."

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"காட்டினால் நிறுத்தச் சொல்வார்."
சீசா பைக்குள் திரும்பியது.
எறியவில்லை. திறக்கவுமில்லை.

பிறகு தட்டருகே குனிந்து,
தொடாமல்,
"இந்த மஞ்சளெல்லாம்?"

"செத்தவை."

"யாருடையவை?"

"முன்பு எப்போதோ ஒரு பெண்ணுடையவை.
பெயர் இல்லை. எண்தான் இருக்கிறது."

துடைப்பம் நின்றது.
குழாயில் ஒரு சொட்டு.
"அவளுக்கு யாராவது சொன்னார்களா?"

ரதோஸ்லாவா குறிப்பேட்டைத் திறந்தாள்.
ஊசி வழி: திரும்பச் செய்ய வேண்டும்.
வாய் வழி: கத்தரிக்குச் சிக்காத
வேறொரு முடிச்சால் ஒட்டைக் கட்ட வேண்டும்.
அந்தக் கேள்விக்கு
எந்தப் பத்தியிலும் இடமில்லை.
ஓரத்தில் எழுதினாள், பிறகு
அடிக்கவும் மனம் வரவில்லை.

தரை காயும்வரை
கால் கீழே படக் கூடாது,
அது த்ரஹோமீராவின் சட்டம்.
நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து
ஏழாவது வரிசையை
மறுபடி பார்க்கிறாள்,
ஊதாவும் இல்லாத
மஞ்சளும் ஆகாத அந்த
எட்டுக் குழிகளை.