கூட்டுத்தொகை

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி.
முதல் லாட்ஜில் அறை எண் நூற்றேழு.
கூட்டினால் எட்டு என்று
ரெங்காராம் சாவியைத் தொடவேயில்லை.
அடுத்ததில் கோபுரம் தெரியும் ஜன்னல்,
முந்நூறு கூடுதல்.
"மீனாட்சி பார்த்துக்கிட்டிருக்க
சீட்டைக் கலைக்கவா?"

மூன்றாவதில் இருநூற்று நாலு.
ஆறு, சுக்கிரன்.
ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்,
சொட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் ஏசி.
போதும் என்றான்.

கிளப் பத்து மணிக்கு.
எத்தனை நாள் என்று கேட்ட மேனேஜரிடம்
எனக்குப் பதில் இல்லை.
அது பதிமூன்று சீட்டுக்குத் தெரியும்.

படியேறப் போனவன் திரும்பி வந்து
பரமக்குடி பஸ்ஸுக்கு இரண்டு பேர் காசை
மேஜைமேல் வைத்தான்.
"ராத்திரி நானே வந்து கெஞ்சினாலும்
கொடுத்துராதீங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை.
டிராயரை இழுத்தார்.
ரப்பர் பேண்ட் போட்டு, அறை எண் எழுதி
ஏற்கெனவே கிடந்தன
ஏழெட்டு உறைகள்.