பங்கு மாற்றம்

விற்பனைக்கு என்று எழுதிக் கொடுத்தேன்:
முத்தியால்பேட்டை, இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை,
சங்கத்தின் பத்துப் பங்குகள் சேர்த்து.
கடல் தெரியாது. ஜன்னல் கொக்கிகளின் துருவில் தெரியும்.

பார்க்க வந்தவர் குழாயைத் திறந்தார்,
சுவரைத் தட்டினார்,
பிறகு குரலைத் தணித்து
"அக்கம்பக்கத்துல யாரு இருக்காங்க?"

கீழே ஃபிலோமின் அம்மா. பிரெஞ்சு பென்ஷன்;
தாமதமானால் கான்சுலேட்டை இரண்டு மொழியில் திட்டுவார்.
எதிரே தையல்கடை ஜெய்னுலாப்தீன்.
அவர் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும் தூக்குவாளி
ஒருமுறையும் வெறுமையாய்த் திரும்பியதில்லை.
மேலே பிஸ்வாஸ். அவர் வீட்டுக் கடுகெண்ணெய்
ஆறு மணிக்குப் படியிறங்கி வரும்.

எதையும் சொல்லாமல்
"குடும்பங்கள்தான்" என்றேன்.
அவர் அந்தச் சொல்லை
உப்புப் பார்ப்பதுபோல் நாக்கில் வைத்திருந்தார்.

தீர்ப்பில் இந்த வீடு ஒரே வரி: ஆளுக்குப் பாதி.
படுக்கையறை ஆளுக்கொன்று வரும்.
சமையலறையை என்ன செய்வது?

ஞாயிறு, மொட்டைமாடியில் சங்கக் கூட்டம்.
பங்கு மாற்றம், ஆட்சேபம் உண்டா என்று
செயலாளர் படித்தார்.
தொட்டி மூடியில் ஒரு காக்கை
அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.
ஃபிலோமின் அம்மா வளையலைத் திருப்பினார்.
ஜெய்னுலாப்தீன் சட்டையில் ஒட்டிய நூலைப் பிய்த்தார்.
யாரும் கை தூக்கவில்லை.

முடிந்தது என்று எழுந்தபோது
பிஸ்வாஸ் தூக்கினார்.
முப்பது வருடமாகியும் அவருக்கு ழகரம் வருவதில்லை.
"புதன்கிலமை மோட்டார் யார் போடுவாங்க?"

பதினோரு வருடமாக என் கிழமை அது.
செயலாளர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.
நான் காக்கையைப் பார்த்தேன்.