கழுவிய காசு

என்னிடம் இருப்பது தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் பதிப்பு.
செங்கல் கனம்.
கொழும்பு நடைபாதையில் அறுநூறு சொல்லி
நானூறுக்கு விழுந்தது.
விலை சொல்லும் புத்தகத்தையும்
விலை பேசித்தான் வாங்கினேன்.

பதினோராம் ஆண்டு வெள்ளம்
களுவாஞ்சிக்குடிக் கடைக்குள் முழங்காலளவு நின்றபோது
அடித்தட்டில் கிடந்து ஊறியது.
வெயிலில் விரித்து வைத்தும்
'சி'யில் தொடங்கும் நாடுகள்
அப்பளம் போல நெளிந்தே போயின.
நம்முடையது அங்கேதான்.
மத்திய ஆபிரிக்காவைத் தாண்டி, சாட்டுக்கு முன்னால்
சிலோன் என்று சில பக்கம்.
எழுபத்திரண்டுக்குப் பிந்தியதைத் தேடினால்
ஸ்பெயினுக்கும் அப்பால் போகவேண்டும்.
ஒரே நாடு,
நடுவில் பல நூறு பக்கம்.

மணிக்கூடு திருத்துவது சோற்றுக்கு.
காசு, ஆசைக்கு.
எஃப், விஎஃப், எக்ஸ்எஃப், அன்சி என்று நாலு நிரல்.
தேயத் தேய இடப்பக்கம் சறுக்கும் விலை.
விற்கும்போது புத்தகத்தை விரித்து வைப்பேன்.
வாங்கும்போது அது லாச்சிக்குள் கிடக்கும்.
இதை இதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

போன மாசியில் ஒரு செவ்வாய்,
மண்டூரில் இருந்து யோகமலர் வந்தாள்.
பாதையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி
மிச்சத்தை நடந்தே வந்திருந்தாள்.
கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தாள்.
விக்டோரியா ராணியின் ஐந்து சதம், செம்பு,
பின்புறம் தாளிப்பனை.
நேற்று வாங்கிய குடம் போல மினுங்கியது.

"ராவு முழுக்கப் புளி போட்டுத் தேச்சன்.
கறுத்துக் கிடந்த சாமான்.
கடைக்குக் கொண்டாறதை
ஊத்தையாக் கொண்டரலாமா?"

லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
ராணியின் கன்னமெல்லாம் தும்புக் கீறல்.
ஓரங்கள் இன்னும் கூர், பனையோலை ஒவ்வொன்றும் தனி.
திங்கட்கிழமை வரைக்கும்
அது எக்ஸ்எஃப்.
நூற்றுச் சொச்சம் வருடம் அது தானாகப் பூசிக்கொண்ட கபிலம்
சட்டி கழுவிய தண்ணியோடு
வாழைக்குப் போயிருந்தது.

அன்றைக்கென்று புத்தகம் மேசையில்,
காலையில் ஒருவருக்கு விற்க விரித்தபடி.
படத்தை அவளே கண்டுபிடித்தாள்.
விரல் வலப்பக்கமாக ஓடி
கடைசி நிரலில் நின்றது.
"நூற்றிருபதா?"
"டொலர்," என்றேன். ஏன் சொன்னேனோ.
உதடு அசைய அவள் பெருக்கிப் பார்த்தாள்.

"இந்த விலைக்கு நீங்க எடுப்பீங்களா?"
"இல்ல."
"மறுகா ஆர் எடுப்பான்?"

முன்னுரையைப் புரட்டினேன்.
நுணுக்க எழுத்தில் இருந்தது:
கழுவிய நாணயத்துக்கு இந்த விலைகள் பொருந்தா.
எது பொருந்தும் என்று எழுதவில்லை.
ஆர் எடுப்பான் என்றும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

புளியின் கதையைச் சொன்னேன்.
"அப்ப, மினுங்கிறது குத்தமா?"
சிரித்தாளா, கேட்டாளா, தெரியவில்லை.

ஆயிரத்தைந்நூறு சொன்னேன்.
நியாயமான விலைதான். ஆனாலும் குரல்
லாச்சியைப் பூட்டுகிறவனுடையதாகவே வந்தது.

அவள் முடிச்சைத் திரும்பப் போட்டாள்.
"கிடக்கட்டும். கறுக்கட்டும் திரும்ப.
எவ்வளவு காலம் செல்லும்?"
"உங்கட பேரப்பிள்ளையள்ற காலம்..."
"எனக்குப் பிள்ளையே இல்ல," என்றாள்,
பஸ் நேரம் சொல்வது போல.

பிறகு மணி கேட்டாள்.
சுவரில் பதினாலு மணிக்கூடு, பதினாலு நேரம்.
நான் போனைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசிப் பாதைக்கு அவசரம்.
வாசலில் நின்று உள்ளங்கையில் எண்ணினாள்:
பத்து, பத்து, ஐந்து,
விளிம்பு கறுத்த ஒரு இருபது.
கழுவாத குத்திக்காசு.
என் பதிப்பில் இன்னும் அச்சாகாத ஆண்டுகள்.